பக்கத்துப் பள்ளியை ஏன் கைவிடுகிறோம்?

காலை ஆறரை மணிக்கு நிலாவெளி வீதியில் நின்று பாருங்கள். சாம்பல்தீவு, உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கமிருந்து பள்ளி வான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருகோணமலை நகரத்துக்கு ஓடுகின்றன. உள்ளே ஆறு வயதுப் பிள்ளைகள் புத்தகப்பையை மடியில் வைத்தபடி தூங்கி விழுகிறார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே வகுப்புகள் ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டிருக்கின்றன. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சாதாரண தரம் வரை நான் உப்புவெளியில் அப்படியொரு பள்ளியில்தான் படித்தேன். கணிதம் படிப்பித்த ரீச்சர் எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருந்தார். பின்னேரம் கோயிலுக்குப் போகும் வழியில் படலையடியில் நின்று, எனக்குப் பின்னம் இன்னும் விளங்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். அதற்காகப் பெற்றோர் கூட்டம் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் எங்கள் வகுப்பில் சில பையன்கள் பிந்தி வரத் தொடங்குவார்கள். விடியற்காலையில் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, தலை ஈரம் காயாமல் ஓடி வருவார்கள். மாற்றலாகி வந்த புதிய ஆசிரியர் ஒருவர் அப்படி வந்த ஒருவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கணித ரீச்சர் எழுந்து போய் அவனுடைய கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். உள்ளங்கையின் குறுக்கே கயிறு அறுத்த சிவந்த கோடுகள். புதியவர் ஒன்றும் பேசவில்லை. அவனை உள்ளே விட்டார். அதன்பின் அவன் தவறவிட்ட முதல் பாடத்தை இடைவேளையில் இருத்திச் சொல்லிக்கொடுத்தவரும் அந்தப் புதிய ஆசிரியர்தான்.

2004 மார்கழி 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. தை மாதம் பள்ளி திறந்தபோது ரீச்சர் இடாப்பைக் கூப்பிட்ட விதம் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. எந்தப் பிள்ளை எந்த முகாமில் இருக்கிறது, எது உறவினர் வீட்டில் இருக்கிறது, யாரிடம் வீட்டைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. விடுமுறை முழுவதும் முகாம் முகாமாக அலைந்து அவர் தேடி அறிந்தது அது. எத்தனை வசதியுள்ள பள்ளியானாலும், பத்து ஊர்ப் பிள்ளைகள் வந்து கலையும் இடத்தில் ஒரு ஆசிரியருக்கு இது எப்படி முடியும்?

ஊர்க்கண்கள் சுமையாகவும் இருந்தன, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. வகுப்புப் பையனோடு வீதியில் நின்று கதைத்தால் நாங்கள் வீடு சேர முன்பே செய்தி வீடு சேர்ந்துவிடும். அதை நான் கொண்டாட மாட்டேன். அது மாறவேண்டியது.

நகரத்துக் கல்லூரிகள் மீது எனக்குக் கோபம் கிடையாது. பெண்கள் படிப்பதற்கென்று 1923இல் தொடங்கிய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி போன்றவை இந்த மாவட்டத்துக்குச் செய்தது பெரிய காரியம். உயர்தரத்துக்கு நானும் நகரத்துக்குத்தான் போனேன். ஆனால் தரம் 1 பிள்ளைக்கு என்ன அவசரம்? இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் புலமைப்பரிசிலும் மத்திய கல்லூரிகளும் வந்தது, எட்டாத கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல பள்ளி கிடைக்கவேண்டும் என்பதற்காக. இன்று தரம் 5 பரீட்சை பக்கத்துப் பள்ளியை விட்டு ஓடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகளும், வான் காசு கட்டக்கூடிய பெற்றோரும் போய்விடுகிறார்கள். மிஞ்சுவது கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கூலி வேலைக்குப் போவோரின் பிள்ளைகளும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைகிறது. பிறகு, ஆசிரியர் இல்லை என்று சொல்லி இன்னும் சிலர் போகிறார்கள்.

ஆங்கிலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லை என்ற முறைப்பாடு உண்மைதான். ஆனால் வான் பிடித்து விலகிப் போனவர்கள் யாரும் அதற்காகக் கடிதம் எழுதியதை நான் காணவில்லை. இருந்து கேட்பவர்களுடைய குரலுக்குத்தான் வலு.

என் மகளுக்கு அடுத்த தை மாதம் தரம் 1. நான் படித்த பள்ளியிலேயே சேர்க்கிறேன். வீட்டில் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது, முடிவு மாறவில்லை. அலஸ்தோட்டத்திலும் வரோதயநகரிலும் இதே வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பேச விரும்பினால் எழுதுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தால், ஆங்கில ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாம். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.