ஏர்வே பில்லை நம்பிச் சரக்கை அனுப்பாதீர்கள்
'ஏர்வே பில்லின் (விமானச் சரக்குக்கான ஆவணம்) அசல் நம் கையில் இருக்கும்வரை, வாங்குபவர் பணம் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது' என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். தவறு. அது கப்பல் சரக்குக்கான 'டு ஆர்டர்' பில் ஆஃப் லேடிங்குக்குத்தான் (சரக்கின் உரிமையை வேறொருவருக்குக் கைமாற்றித் தரக்கூடிய ஆவணம்) பொருந்தும். அங்கே வழக்கமாக 3 அசல்கள். ஒன்றை ஒப்படைத்தால்தான் சரக்கு கைக்கு வரும். ஏர்வே பில்லோ ரசீதும் ஒப்பந்தச் சான்றும் மட்டுமே. முகப்பிலேயே 'நாட் நெகோஷியபிள்' (கைமாற்றத் தகாதது) என்று அச்சிட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்! பெறுநர் கட்டத்தில் பெயர் உள்ளவர், உங்கள் அசல் இல்லாமலேயே சரக்கை எடுத்துப் போய்விடலாம். பணம் வருமா என்ற ஐயம் இருந்தால், வங்கியின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று, அதையே பெறுநராகக் குறிப்பிடுங்கள். அப்போது வங்கி விடுவிப்புக் கடிதம் தந்த பிறகுதான் வாங்குபவருக்குச் சரக்கு கிடைக்கும்.