டிடிஎஸ் மீட்டர காட்டி "தண்ணி ஓகே"ன்னு சொல்லாதீங்க

பள்ளிக்கரணைல சித்தி வீட்டு போர் தண்ணி, பிடிக்கும்போது கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு, ஒரு மணி நேரத்துல பக்கெட்டே டீ கலர். ஆர்ஓ விக்க வந்த பையன் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர (தண்ணில கரைஞ்ச உப்பெல்லாம் சேர்த்து எவ்ளோன்னு காட்டுறது) முக்கி எடுத்து "1400 மேடம், மெஷின் போட்டா சரியாயிடும்"னுட்டான். சித்திக்கு நிம்மதி. எனக்குத்தான் ஆறல.

குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லேன்னாதான் 2000 வரைக்கும். சரி, ஆனா அந்த மீட்டர் தண்ணில எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும், என்ன கரைஞ்சிருக்கு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துலயே பெருங்குடி குப்பைமேடு இருக்கு. அந்தக் குப்பைய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து மேலயே கொட்டினாங்க, கசிவ தடுக்க அடியில ஷீட் கூட கிடையாது. மழையில ஊறி கறுப்பா இறங்குற தண்ணிதான் லீச்சேட், குளோரைடும் அம்மோனியாவும் எக்கச்சக்கமா இருக்கும், அதுல ஆக்சிஜன் இல்லாததால போற வழியில மண்ணுல இருக்குற இரும்பையும் மாங்கனீசையும் கரைச்சு இழுத்துட்டு போகும், வெளிய வந்து காத்து பட்டதும் பழுப்பாயிடும். அப்போ சித்தி வீட்டு டீ கலர் அதுதானா? அவசரப்படாதீங்க. மண்ணுலேர்ந்து இயல்பாவே இரும்பு வரலாம், குளோரைடு கடல் உப்பாவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு செப்டிக் டேங்காவும் இருக்கலாம்.

ஒரே ஒரு போர்ல சாம்பிள் எடுத்துட்டு "குப்பைமேடுதான் காரணம்"னு கத்துறதும் தப்பு, "சம்பந்தமே இல்ல"ன்னு கைய கழுவுறதும் தப்பு. மொதல்ல அடித்தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியணும். ஒரே கோட்டுல இல்லாத மூணு கிணத்துல நீர்மட்டம் கடல்மட்டத்துலேர்ந்து எவ்ளோ உயரத்துல இருக்குன்னு கணக்குப் போட்டாலே திசை கிடைச்சிடும். அப்புறம் தண்ணி குப்பைமேட்டுக்கு வந்து சேர்ற பக்கம் ஒரு போர், தாண்டிப் போற பக்கம் நாலஞ்சு. உள்ள தேங்கின பழச இறைச்சு விட்டுட்டுதான் பாட்டில்ல பிடிக்கணும் (எங்க லேப் ஆளு மாடி டேங்க் குழாய்ல பிடிச்சுட்டு போனாரு, என்னத்த சொல்ல). அம்மோனியா, பொட்டாசியம், போரான் மூணும் தாண்டிப் போற பக்கம் மட்டும் எகிறியிருந்தா குப்பைமேட்டு மேல சந்தேகம் வலுக்கும். கடல் தண்ணியில குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் பெருசா மாறாது, நம்ம தண்ணில அந்த விகிதம் ஒத்துப்போகலேன்னா உப்பு வேற எங்கேர்ந்தோ வருதுன்னு அர்த்தம். இதையே மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுக்கணும்.

பயோமைனிங்னு பழைய குப்பைய தோண்டிப் பிரிச்சு அள்ளுற வேலையும் நடந்திருக்கு, நல்ல விஷயம், சந்தோஷம். ஆனா ஏற்கனவே கீழ இறங்கினத பொக்லைன் வச்சு அள்ள முடியுமா?

ஞாயித்துக்கிழமை சித்தி தெருவுல எட்டு வீட்ல டேப் விட்டு நீர்மட்டம் அளக்கப்போறோம். மோட்டார் ஓடினா மட்டம் இறங்கிடும், அதனால காலைலேர்ந்து ஆஃப் பண்ணி வைக்கணும்னு சொல்லியிருக்கேன், ரெண்டு வீட்ல மட்டும் இன்னும் சம்மதிக்கல.