அபீலியன் வந்தால் குளிருமா?

வருடா வருடம் வாட்ஸ்அப்பில் வரும் செய்திதான். நாளை முதல் அபீலியன் (பூமி தன் பாதையில் சூரியனை விட்டு மிகத் தள்ளி இருக்கும் நிலை), வழக்கமாக 9 கோடி கிலோமீட்டரில் இருக்கும் சூரியன் 15.2 கோடிக்குப் போய்விடும், ஆகஸ்ட் வரை குளிர், சளி, காய்ச்சல் என்று பயமுறுத்தும்.

அபீலியன் உண்மை. ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிடமிருந்து சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்த 9 கோடிதான் சுத்தப் புளுகு. மிக நெருங்கும் ஜனவரி தொடக்கத்திலேயே தூரம் 14.7 கோடி. வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம். சரி, தூரம்தான் காரணம் என்றால் சென்னையில் ஜனவரி அல்லவா கொதிக்க வேண்டும்?

கணக்கு, சூரிய ஒளி தரையில் விழும் கோணத்தில் இருக்கிறது. டார்ச்சை நேராகத் தரையில் அடித்தால் சின்ன வட்டம், சாய்த்து அடித்தால் நீண்டு மங்கிய வெளிச்சம். மார்ச் 21 நண்பகலில் நிலநடுக்கோட்டில் சூரியன் தலைக்கு நேர் மேலே. 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கும் நார்வேயின் ஓஸ்லோவில் அது அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரம்தான் ஏறும். அதே ஒளி இரண்டு மடங்கு நிலத்தில் பரவுகிறது. காற்றையும் அதிக தூரம் கடந்து வர வேண்டும். 13 டிகிரியில் உள்ள சென்னையில் ஜூலை தொடக்க நண்பகலில் சூரியன் ஏறக்குறைய 80 டிகிரி உயரத்தில், அதுவும் வடக்குப் பக்கம் நிற்கும். ஜனவரி தொடக்கத்தில் 54 டிகிரிதான்.

நிலநடுக்கோடு சூரியனுக்குக் கிட்டே இருப்பதால் சூடு என்பாரும் உண்டு. பூமியின் நடுப்பகுதி துருவங்களைவிடப் புடைத்திருப்பது வெறும் 21 கிலோமீட்டர்!

அப்புறம், ஜூலையில் கோவையில் அடிக்கும் சில்லென்ற காற்று? அது தென்மேற்குப் பருவமழையின் வேலை.