உப்பிக் கிடக்கும் குருவிக்கு மஞ்சள் நிறத் தூள் மருந்தல்ல

கொழும்பின் தொடர்மாடிகளில் கனேரியும் பின்ச்சும் வளர்ப்போர் பலர் இருக்கிறார்கள். குருவியொன்று உடலை உப்பிக்கொண்டு கூட்டின் மூலையில் ஒதுங்கிவிட்டால், அவர்களில் அநேகர் அதை வாங்கிய கடைக்கே போய், சிறு பொட்டலமாகத் தரப்படும் மஞ்சள் நிற மருந்துத் தூளை வாங்கிவந்து தண்ணீரில் கலந்து வைக்கிறார்கள். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்தத் தூள் பெரும்பாலும் டெட்ராசைக்கிளின் வகை மருந்து; பாக்டீரியாவுக்கு எதிராக மட்டுமே வேலை செய்யும். உப்பிக்கொண்டு இருப்பதோ தனியொரு நோயின் அடையாளம் அல்ல. ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் உடல் வெப்பத்தோடு வாழும் ஒரு சிற்றுயிர், அந்தச் சூட்டை இழக்காமலிருக்கப் படும் பாடு அது. காரணம் உண்ணியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், வைரஸாக இருக்கலாம், பெட்டைக்கு முட்டை அடைத்திருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட அந்தத் தூள் தீர்க்காது. பாக்டீரியாதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், நோயுற்ற குருவி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவதால் போதிய மருந்து உள்ளே போவதில்லை; போவதையும் கூட்டில் கொத்தித் தின்ன வைக்கும் கணவாய் ஓட்டிலுள்ள கல்சியம் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

பாடிக்கொண்டிருந்த கனேரி பாட்டை நிறுத்தி, வாயைத் திறந்து மூச்சுவிட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை ஆட்டினால், இரவின் அமைதியில் கூட்டருகே காதை வைத்துக் கேளுங்கள். ‘டிக், டிக்’ என்ற மெல்லிய ஒலி வந்தால் மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் வாழும் உண்ணிகளைச் சந்தேகிக்க வேண்டும். கனேரிகளையும் கூல்டியன் பின்ச்சுகளையும் இவை அதிகம் தாக்கும். அனுபவமுள்ள மிருக வைத்தியர் இருட்டறையில் கழுத்து இறகை நனைத்து டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சும்போது, மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் சில வேளை தெரியும். இதற்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து பயன்படும். ஆனால் ஒரு சீப்ரா பின்ச்சின் எடை 12 கிராம் அளவுதான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தயாரித்த மருந்தைக் கண்மதிப்பில் சொட்டினால் அதுவே உயிரைக் குடித்துவிடும்.

இன்னொரு நோய் வளர்ப்பவரை ஏமாற்றிவிடும். குருவி நாள் முழுவதும் தினைக் கிண்ணத்தை விட்டு நகராது; நன்றாகச் சாப்பிடுகிறது என்று நாம் நிம்மதியடைவோம்; நெஞ்செலும்போ கத்தி முனைபோல் துருத்திக்கொண்டு வரும். இரைப்பையில் மக்ரோரப்டஸ் என்ற ஈஸ்ட் வளர்ந்தால் இப்படி நேரும். செரிக்காத விதைகள் எச்சத்தில் கிடக்கும். புதிய எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தே இதைக் கண்டுபிடிப்பார்கள். தேவைப்படுவது பூஞ்சைக்கு எதிரான மருந்து. காக்சிடியா ஒட்டுண்ணியையும் அதே எச்சப் பரிசோதனையில் காணலாம். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வீட்டில் இருந்து, வாரமொரு முறை குருவியை நிறுத்து எழுதி வந்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே மெலிவு எண்ணில் தெரிந்துவிடும்.

நம் நகரத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. கனேரி அம்மை வைரஸை நுளம்புகள் பரப்புகின்றன. கண்ணோரத்திலும் அலகைச் சுற்றியும் கால்களிலும் கொப்புளம் எழும்பும்; தொண்டைக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் பரவினால் பிழைப்பது அரிது. வைரஸை அழிக்கும் மருந்தில்லை. அதற்காக நுளம்புச்சுருளைக் கூட்டருகே கொளுத்துவது இன்னும் மோசம், ஏனெனில் பறவையின் மூச்சமைப்பு புகையையும் நச்சையும் நம்முடையதைவிட வெகு விரைவாக உள்வாங்கும். மெல்லிய நுளம்பு வலையால் மாலைக்கு முன் கூட்டை மூடுங்கள்; டெங்கு ஒழிப்புக்குப் புகையடிக்க வரும் நாளில் கூட்டை உள்ளே எடுத்து யன்னல்களைச் சாத்துங்கள். மழை மாதங்களில் விதையைக் காற்றுப்புகாத போத்தலில் வையுங்கள். பூஞ்சணம் மணக்கும் விதையைக் கொட்டிவிடுங்கள்.

“வைத்தியருக்குக் கொடுக்கிற காசுக்கு இன்னொரு சோடி வாங்கலாமே” என்று சொல்பவர்கள் உண்டு. இந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. கூட்டில் அடைத்த உயிருக்குத் தானாக இடம் மாறவோ, வெயில் தேடவோ, வேறு இரை தேடவோ வழியில்லை. அந்த வழிகளை அடைத்த நாம் அதன் நோய்க்கும் பொறுப்பாளிகள். காசுக் கணக்கே பார்த்தாலும், காரணம் அறியாமல் புதிய சோடியை அதே கூட்டில் விட்டால் அதுவும் நோய்ப்படக்கூடும்.

குருவி உப்பிக் கிடந்தால் முதலில் அதைத் தனிக்கூட்டுக்கு மாற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு கொடுங்கள். உணவையும் நீரையும் எட்டும் இடத்தில் வைத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, விழும் எச்சத்தோடு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். இத்தனை சிறிய உடலுக்கு ஒரு நாள் பட்டினியே ஆபத்து. எவ்வளவு செய்தும் இறந்துபோனால், ஏனைய குருவிகளுக்காக உடலைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அதுவரை பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிட வேண்டாம், உறைந்தால் திசுக்கள் சிதைந்து காரணம் தெரியாமல் போய்விடும்.