எட்டாம் வகுப்பு நேரசூசியைக் காட்டுங்கள்

திருகோணமலையில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்றால் சைவப் பெற்றோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "அங்க ஒழுக்கம் இருக்கும், பிள்ளை தப்பாது" என்பார்கள். தரம் 1 அனுமதிக்கு அலைகிற அலைச்சலைப் பார்த்தாலே தெரியும். பிறகு புலமைப்பரிசில் முடிவு வந்தால் மதிலில் பதாகை, சாதாரண தரப் பரீட்சையான ஓ.எல்லில் ஒன்பது ஏ எடுத்தால் இன்னும் பெரிய பதாகை. இரண்டு பதாகைகளுக்கும் நடுவில் தரம் 6, 7, 8, 9 என்று நான்கு வருடம் கிடக்கிறது. அங்கே யார் படிப்பிக்கிறார்கள், என்ன படிப்பிக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு கத்தோலிக்கப் பாடசாலைக்குத் தன் கையால் எதையாவது செய்ய இன்று மிஞ்சியிருப்பதே அந்த நான்கு வருடந்தான். அதைத்தான் கைவிட்டிருக்கிறோம். எந்த ஒரு பாடசாலையையும் சுட்டி எழுதவில்லை. தொப்பி பொருந்துகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

1960, 1961 சட்டங்களோடு நாட்டின் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசிடம் போயின. அதன்பின் பாடத்திட்டம் மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருகிறது. புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாகத் தருகிறது. ஆசிரியரை அரசு நியமிக்கிறது, அரசே இடமாற்றுகிறது. பாடசாலையிடம் மிஞ்சியது பெயர், சொரூபம், காலைச் செபம், திருவிழா. ஐந்தாம் வகுப்பைப் புலமைப்பரிசில் பிடித்து வைத்திருக்கிறது. பத்தும் பதினொன்றும் ஓ.எல்லுக்கு, அதற்கு மேலே ஏ.எல்லில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்கு. ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் எந்த அரச பரீட்சையும் கழுத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பாடத்திட்டம் ஒன்றேதான், ஆனால் அதை எப்படி, எவ்வளவு ஆறுதலாகப் படிப்பிப்பது என்பது பாடசாலையின் கையில் இருக்கிறது.

அந்தச் சுதந்திரத்தை என்ன செய்கிறோம்? நேரசூசி போடுகிற நாளில் தெரியும். நல்ல கணித சேரை முதலில் பதினொன்றுக்கு எடுத்துவிடுவார்கள். விஞ்ஞானப் பட்டதாரி ஏ.எல்லுக்குப் போய்விடுவார். மிஞ்சிய பாடவேளைகள்தான் எட்டாம் வகுப்புக்கு. வரலாறு படித்தவர் குடியுரிமைக் கல்வியும் எடுப்பார், போகிற போக்கில் சுகாதாரமும் எடுப்பார். தூரத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, இடமாற்றக் கடிதத்துக்குக் காத்திருக்கிற புது நியமன ரீச்சரின் தலையில் மூன்று வகுப்பு விழும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தான் படிக்காத பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்கு 40 நிமிடத்தில் சொல்லிக் கொடு என்றால் யாராலும் முடிந்ததைத்தான் செய்யலாம். மிச்சத்தை ரியூட்டரி பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோரும் இருந்துவிடுகிறோம்.

பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். ஐந்து வரை பெரும்பாலும் ஒரே ரீச்சர். யாருக்கு வாசிக்கத் தடுமாற்றம், யார் காலையில் சாப்பிடாமல் வந்தது, யாருடைய அப்பா கடலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறில் கால் வைத்ததும் மணிக்கு ஒரு முகம். திருக்கடலூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான் என்பது ஒன்பதாம் வகுப்புக் கடைசியில்தான் யாருக்கோ தெரியவருகிறது. அதற்குள் ஓ.எல். வந்துவிடும்.

கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையினர் 1599இல் தங்கள் பள்ளிகளுக்கென்று கல்வி விதிகள் வெளியிட்டார்கள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஆசிரியர் கீழ் வகுப்பில் தொடங்கி, ஆண்டுதோறும் தன் மாணவர்களில் பெரும்பகுதியோடு அடுத்த வகுப்புக்கு ஏறுவது நல்லது. 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் கிழக்கு மாகாணத்துக்கு வந்தார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூ ஒர்லியன்ஸிலிருந்து அமெரிக்கச் சுவாமிமார் வந்தார்கள். அவர்களின் படங்களை மண்டபத்தில் மாலை போட்டு வைத்திருக்கிறோம். அவர்களுடைய சபை எழுதி வைத்த இந்த ஒரு விதிக்கு மகரகமவின் அனுமதி வேண்டாம், வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை வேண்டாம். ஒரு வகுப்பாசிரியரை ஆறிலிருந்து ஒன்பது வரை அதே பிள்ளைகளோடு விடலாம். இடமாற்றம் வந்து இடையில் குழப்பும்தான். பத்தில் ஐந்து வகுப்புக்குச் சரிவந்தாலும் இலாபந்தானே.

பாடத்துக்கு வருவோம். போர்த்துக்கேயர் வருகை நடு வகுப்பு வரலாற்றில் வருகிறது. கொழும்பில் அது வெறும் பாடம். இங்கே அப்படியா? 1622இல் கோணேசர் கோயிலை இடித்தவர்கள் கத்தோலிக்கர். அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழும்பியது. கோட்டை வாசலில் இரட்டை மீன் பொறித்த கல் இன்றும் இருக்கிறது, குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்கிற தமிழ்க் கல்வெட்டோடு. கோணேசருக்குப் போகிற எல்லாப் பிள்ளையும் அதைத் தாண்டித்தான் போகிறது. வகுப்பில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில். ரீச்சர் என்ன செய்வார்? பெரும்பாலும், "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று கடந்துவிடுவார். பயம். நியாயமான பயமும்கூட.

ஆனால் இந்தப் பாடத்தைத் துணிந்து எடுக்க இந்த ஊரில் கத்தோலிக்கப் பாடசாலையை விடத் தகுதியான இடம் எது? இடித்ததை மழுப்பாமல் சொல்லலாம். ஒல்லாந்தர் வந்தபிறகு கத்தோலிக்கர் ஒளித்து ஒளித்துப் பூசை கண்டதையும், 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து அவர்களைத் தேடித் திரிந்ததையும் அதே மூச்சில் சொல்லலாம். இடிப்பதும் இடிபடுவதும் ஒரு சமயத்தின் குணமல்ல, ஆட்சியின் கைவேலை என்பது பதின்மூன்று வயதுக்கு நன்றாக விளங்கும். சமய பாடவேளைக்குப் பிள்ளைகள் சைவம், கத்தோலிக்கம், இஸ்லாம் என்று வேறு வேறு அறைக்குப் பிரிந்து போகிறார்கள், அது சட்டப்படி சரி. சேர்ந்து இருந்து கேட்கிற பாடம் வரலாறு. அதை வாசித்துவிட்டுப் போகச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

விஞ்ஞானத்துக்குக் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை வேறு. ஒரு வெப்பமானியும் ஒரு பஸ்ஸும் போதும். புவியியலுக்கு இப்படியொரு துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு படத்தில் துறைமுகம் காட்டுகிறோம்.

அந்த அமெரிக்கச் சுவாமிமாரில் ஒருவரான யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட்டில் காணாமற்போனார். கிழக்கில் அவரிடம் படித்தவர்கள் இன்றும் கூடைப்பந்தைச் சொல்லித்தான் அவரை நினைக்கிறார்கள். எத்தனை ஏ வாங்கித் தந்தார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய மாணவர் சங்கங்களிடமும் அபிவிருத்திச் சங்கங்களிடமும் என் கோரிக்கை பெரிதில்லை. பட்டதாரி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் நடு வகுப்பில் ஒரு பாடமாவது கட்டாயம் என்று அதிபரிடம் பேசுங்கள். ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் வாசிப்பை முதல் தவணையிலேயே ஒருவர் தனித்தனியாக இருத்திப் பார்க்கட்டும். பின்தங்கியவர்களுக்குப் பின்நேர வகுப்பு வைக்க ஓய்வுபெற்ற ரீச்சர்மார் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். கன்னியா பஸ் செலவை நாங்கள் பார்ப்போம். புது வரவேற்பு வளைவுக்குச் சேர்க்கிற காசில் கால்வாசி இதற்கு வரும்.