எல் கிரேக்கோவின் கண்ணும் நீண்ட உருவங்களும்

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ஓவியர் எல் கிரேக்கோவுக்குக் கண்ணில் சிதறல் பார்வைக் குறை (astigmatism, உருவங்கள் ஒரு திசையில் மங்கியோ நீண்டோ தெரியும் குறை) இருந்தது, அதனால்தான் அவர் வரைந்த புனிதர்கள் நீண்டு மெலிந்து தெரிகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். அது சரியான விளக்கம் இல்லை.

கண் உலகை நீட்டிக் காட்டினால், எதிரே இருக்கும் துணியில் வரைந்ததையும் அதே கண் அதே அளவு நீட்டித்தானே காட்டும்? இரண்டும் பொருந்தும்படி அவர் வரைந்தால் நமக்கு இயல்பான உருவமே கிடைக்கும். வீட்டில் இந்தக் குறைக்காகச் சிலிண்டர் பவர் கண்ணாடி போடுபவர் யாராவது இருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு சதுரத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். அப்புறம் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

அதைவிடத் தெளிவான சான்று, 1586 முதல் 1588 வரை அவர் வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’. ஸ்பெயினின் டொலேடோ நகரில், சாந்தோ தோமே தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. நல்ல தெளிவுள்ள படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். கீழே கறுப்பு உடையில் நிற்கும் பிரபுக்கள், தீப்பந்தம் ஏந்திய சிறுவன் எல்லோரும் நம்மைப் போன்ற உடலமைப்போடு இருக்கிறார்கள். முகங்கள் அவ்வளவு உயிரோட்டம்! மேலே சொர்க்கத்தில்தான் உருவங்கள் நீள்கின்றன, மேகங்களோடு சேர்ந்து நெளிகின்றன. ஒரே கண், ஒரே துணி. மண்ணுலகையும் விண்ணுலகையும் வேறுபடுத்திக் காட்ட அவரே தேர்ந்தெடுத்த வழி அது. உடலை நீட்டி வரைவது இத்தாலிய மேனரிச ஓவியர்களிடம் (இயல்பைவிட அழகையும் பாணியையும் வேண்டுமென்றே மிகைப்படுத்தி வரைந்தவர்கள்) ஏற்கெனவே இருந்த பழக்கம். ஸ்பெயினுக்கு வருமுன் வெனிஸிலும் ரோமிலும் அவர் அதைப் பார்த்திருந்தார்.