உறைந்த தேங்காய் எண்ணெயில் மெழுகா?

“நுவரெலியா, ஹட்டன் பக்கம் போத்தலில் உறையும் தேங்காய் எண்ணெயில் மெழுகு கலந்திருக்கிறது, அது இரத்தக் குழாயிலும் உறையும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. சுத்தமான தேங்காய் எண்ணெயே ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் நண்பகலிலும் அந்தச் சூடு அபூர்வம். உடலின் சூடோ 37 பாகை. போதாததற்கு, எண்ணெய் குடலில் செரித்த பிறகே இரத்தத்தில் சேர்கிறது. உறைவது தூய்மைக்கும் சான்றல்ல. பாம் எண்ணெய் கலந்தாலும் குளிரில் உறையலாம்.

அதற்காகத் தாராளமாக ஊற்றிவிட வேண்டாம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோலை உயர்த்தும். அன்றாடத் தாளிப்புக்குச் சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ மேல். கத்தரிக்காய் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை, எந்த வகையானாலும், மறுநாள் கறிக்கு ஊற்றாதீர்கள்.